சேற்றுக்கு எந்த டயர்?

கரடுமுரடான பாதையில் ஓட்டும் வண்டிக்கு டயர் அகலமாக இருந்தால்தான் நல்லது என்று பலரும் நினைக்கிறோம். இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்பின் டயரோ வெறும் 6 அங்குல அகலம்தான். மேலே குழைந்த சேறு, கொஞ்சம் கீழே கெட்டித் தரை என்றால் ஒல்லி டயர்தான் கைகொடுக்கும். சேற்றைக் கத்திபோல் கிழித்து இறங்கி, அடித்தரையைப் பிடித்துக்கொள்ளும்.

ஐஸ்லாந்தின் பனிவெளியில் கதையே வேறு. அங்கே ஆழமான பனிக்கு அடியில் ஊன்றிக்கொள்ளத் தரை எட்டாது. மிதந்துதான் போக வேண்டும். அதனால் 38, 44 அங்குல உயரமுள்ள அகன்ற டயர்களை மாட்டி, காற்றை 3, 4 பவுண்டு வரைகூட இறக்கிவிடுகிறார்கள். சாதாரணக் காரில் இருப்பது 30 பவுண்டுக்கு மேல்!

மணலிலும் அகலத்தைவிடக் காற்றழுத்தம்தான் முக்கியம். காற்றைக் குறைத்தால், தரையில் படியும் தடம் பக்கவாட்டில் விரிவதைவிட நீளவாக்கில்தான் அதிகம் வளரும். ஒல்லி டயர்கூட 15, 18 பவுண்டுக்கு இறக்கினால் மணலில் நன்றாகவே ஓடும். அகன்ற டயர் தன் முன்னே மணலைக் குவித்துத் தள்ளுவதால் இன்ஜினுக்குப் பாடு அதிகம். என்னைக் கேட்டால், அகலத்தைக் கூட்டுவதற்கு முன் நல்ல பிரஷர் கேஜ் ஒன்று வாங்குங்கள்.

தார்ச்சாலை ஏறும் முன் மறக்காமல் காற்றை நிரப்பிவிடுங்கள். குறைந்த காற்றோடு வேகமெடுத்தால் டயர் சூடேறி வெடிக்கக்கூடும்.