கையொப்பம் காத்த உயிர்கள்

போர் என்றவுடன் நம் நினைவுக்கு வருவன படைகளும் தளபதிகளும் வெற்றி தோல்விகளுமே. தேர்வில் கேட்கப்படுவனவும் அவைதாம். ஆனால் இரண்டாம் உலகப்போரின்போது அலுவலக மேசையில் அமர்ந்து, தம் இனத்தவர் அல்லாத ஆயிரக்கணக்கானோருக்கு வழி திறந்த இருவரைப் பற்றிப் படித்த நாள்முதல், என் மனம் அவர்களையே சுற்றி வருகிறது.

1939 செப்டம்பரில் ஜெர்மனி போலந்தின்மீது படையெடுத்தது. ஆயிரக்கணக்கான யூதர்கள் அண்டை நாடான லித்துவேனியாவில் அடைக்கலம் புகுந்தனர். 1940 ஜூனில் அந்நாடு சோவியத் படைகளின் வசமாயிற்று. மேற்கே செல்ல வழியில்லை. எஞ்சியது கிழக்கு ஒன்றே. சைபீரியாவை இரயிலில் கடந்து, விளாதிவஸ்தோக்கில் கப்பலேறி, ஜப்பானை அடைய வேண்டும். ஆனால் ஜப்பான் வழியே செல்ல விசா பெறுவதற்கு, இறுதியாகச் சேரும் இடம் எதுவெனக் காட்ட வேண்டும். நாடிழந்தவர் எந்த இடத்தைக் காட்டுவார்?

அதற்கு விடை தந்தவர் யான் ஸ்வார்ட்டெண்டைக். பிலிப்ஸ் நிறுவனத்தின் அலுவலரான அவர், கவுனாஸ் நகரில் நெதர்லாந்தின் தூதரகப் பொறுப்பையும் ஏற்றிருந்தார். நெதர்லாந்தின் ஆட்சியிலிருந்த குராசாவோ தீவுக்கு விசா தேவையில்லை. ஆனால் ஆளுநரின் அனுமதி வேண்டும். அதுவோ எளிதில் கிட்டாது. ரீகாவிலிருந்த தூதர் டி டெக்கர் காட்டிய வழியில், ‘விசா தேவையில்லை’ என்பதை மட்டும் அவர் எழுதித் தந்தார். ஆளுநரைப் பற்றிய பகுதியை விட்டுவிட்டார். எழுதியது பொய்யன்று. எழுதாமல் விட்டதிலேதான் உயிர் இருந்தது! சில நாட்களில் 2,000 பேருக்கு மேல் அச்சான்றைப் பெற்றனர்.

அச்சான்றுடன் அவர்கள் சென்று நின்றது ஜப்பானியத் துணைத்தூதர் சியுனே சுகிஹாராவின் வாயிலில். போதிய பணமும் முறையான ஆவணங்களும் இல்லாதோர்க்கு விசா தரலாகாது என்பது விதி. அவர் தோக்கியோவுக்குத் தந்தியடித்துக் கேட்டார். விதியைத் தளர்த்த இசைவு கிடைக்கவில்லை. ஆயினும் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் கை ஓயாமல் எழுதித் தந்தார். அவர் தம் அமைச்சகத்துக்கு அனுப்பிய பட்டியலில் 2,100-க்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன. மீர் என்னும் ஊரின் யூத சமயக் கல்லூரி மாணவர்கள், நம் வயதினர், இவ்வாறே கோபே நகருக்கும் பின்னர் ஷாங்காய்க்கும் சென்று பிழைத்தனர். விசா பெற்ற அனைவரும் தப்பிவிடவில்லை. 1941 ஜூனில் ஜெர்மானியர் வந்தபின், லித்துவேனிய யூதருள் மிகப் பெரும்பாலோர் கொல்லப்பட்டனர்.

“அரசு அலுவலர் விதியை மீறலாமா?” என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். தன்னலத்துக்காக விதியை மீறுவோரை நாம் அன்றாடம் காண்கிறோம். இவ்விருவரும் கண்ட பயன் என்ன? சுகிஹாரா 1947-இல் பதவியிழந்தார். இஸ்ரேலின் யாத் வஷேம் அமைப்பு அவரைச் சிறப்பித்தது 1984-இல். இரண்டாண்டில் அவர் மறைந்தார். ஸ்வார்ட்டெண்டைக் 1976-இல் மறைந்தார்; அவருக்கு அச்சிறப்புக் கிட்டியது 1997-இல். யாருக்காக மீறினார்கள், அதன் சுமையை யார் தாங்கினார்கள் என்று பார்த்தால் விடை தெளிவாகும்.

நம்மில் பலர் நாளை ஓர் அலுவலக மேசைக்குப் பின்னால் அமரப் போகிறோம். எதிரே நிற்பவர் எந்த ஊர், எந்த மொழி, எந்த இனம் என்று பார்க்குமுன், அவர் நீட்டும் தாளில் அவருடைய வாழ்வே இருக்கலாம் என்பதை ஒரு கணம் எண்ணிப் பார்ப்போமாக!