இல்லத் திரையரங்கு

திரைப்படத்தைப் ‘பார்த்தோம்’ என்று கூறுவதே உலக வழக்கு; ‘கேட்டோம்’ என்று கூறுவார் இலர். எனினும், படத்தின் சுவையிற் செம்பாதி செவிக்கு உரியது. முன்னாளில் வானொலி நிலையங்கள் திரைப்படத்தின் ஒலியை மட்டும் தொகுத்து ‘ஒலிச்சித்திரம்’ என்னும் பெயரால் ஒலிபரப்பின. காட்சி ஒன்றையும் காணாமலே மக்கள் கதையை உணர்ந்தனர், நகைத்தனர், கண்ணீரும் வடித்தனர். ஒலியை அடக்கிவிட்டுக் காட்சியை மட்டும் ஓட்டினால் அத்துணைப் பயன் விளையுமோ?

இன்று பலர் அகன்ற திரையுடைய தொலைக்காட்சிப் பெட்டிக்கே பெரும்பொருள் செலவிடுகின்றனர். அப்பெட்டியோ மிக மெல்லியதாய்ச் சுவரோடு ஒட்டி நிற்பது. நல்ல ஒலிபெருக்கி அமைவதற்கு வேண்டிய இடம் அதனுள் இல்லை. ஆதலின், பேச்சு தெளிவின்றிக் குழம்பி ஒலிக்கின்றது. இளையோர் ஒருவாறு உய்த்துணர்ந்து கொள்வர். செவிப்புலன் சற்றே தளர்ந்த பாட்டனும் பாட்டியுமோ, “என்ன சொன்னான்?” என்று அருகிருப்போரைப் பன்முறை வினவி, ஈற்றில் வினவுதலையும் விட்டு வாளா இருப்பர். இல்லத் திரையரங்கு அமைப்போர் முதற்கண் நினைக்க வேண்டியது இவர்களையே. வெடியோசையும் இடியோசையும் பின்னர்க் கருதத்தக்கவை.

இவ்வமைப்பில் ‘ஸ்பீக்கர்’ என வழங்கும் ஒலிபெருக்கிகள் பலவும், அவற்றை இயக்கும் ‘ரிசீவர்’ என்னும் கருவி ஒன்றும் உண்டு. ஐந்து ஒலிபெருக்கிகளும், தாழ்ந்த ஒலிக்கென ஒரு ‘சப்வூஃப’ரும் சேர்ந்த தொகுதியை ‘5.1’ என்று குறிப்பர். ஐந்தனுள் மூன்று திரையின் இடத்தும் வலத்தும் நடுவிலும் நிற்கும். எஞ்சிய இரண்டும் அமர்ந்திருப்போரின் இரு பக்கத்தும் சற்றே பின்தள்ளி நிற்கும்.

நடுவே ஓர் ஒலிபெருக்கி எதற்கு என்னும் ஐயம் எழலாம். 1931ஆம் ஆண்டில் ஆலன் புளூம்லைன் என்னும் ஆங்கிலப் பொறியாளர் தம் மனைவியாருடன் படம் காணச் சென்றார் என்பர். திரையில் நடிகர் ஒருபுறம் இருக்க, அவர் குரல் வேறொரு புறத்திலிருந்து வந்தது. இம்முரண்பாடு அவர் உள்ளத்தை உறுத்தியது. அவ்வாண்டின் இறுதியிலேயே, ஒலி எத்திசையினின்று வருகின்றது என்பதையும் உடன் பதியும் முறைக்கு அவர் காப்புரிமை வேண்டி விண்ணப்பித்தார். குரல் பேசுவோன் வாயினின்று வருவதுபோல் தோன்ற வேண்டும் என்பதே அவர் கருத்து. அப்பணியை இன்று பெரிதும் ஆற்றுவது நடு ஒலிபெருக்கியே. படத்தின் பேச்சில் மிகுதியும் அதன்வழியே வருகின்றது. இட வலங்களில் உள்ள இரண்டும் அதனைச் செய்யாவோ எனின், சரிநடுவில் அமர்ந்த ஒருவர்க்கு மட்டும் செய்யும். நம் வீடுகளிலோ ஒருவர் நாற்காலியிலும், ஒருவர் கட்டிலிலும், சிறுவர் பாயிலுமாகச் சிதறி அமர்வர். ஆகவே, பொருள் சுருங்கியவர் பின்னிரண்டைப் பிறகு வாங்கினும் வாங்குக. நடுவில் உள்ளதைக் குறைத்தல் கூடாது. முன்மூன்றும் ஒரே வகையினவாய் இருத்தலும் வேண்டும். இன்றேல், ஒருபுறமிருந்து மறுபுறம் நடப்பவனின் குரல் இடையில் வேறொருவன் குரலாய் மாறியதுபோல் ஒலிக்கும்.

கருவிக்கு முன்னரே அறையை நோக்குதல் வேண்டும். வெறுஞ்சுவரும் வழவழப்பான தளமும் உடைய அறையில் ஒருமுறை கைதட்டினால் ஒலி சிலம்பக் காணலாம். அச்சிலம்பல் ஒவ்வொரு சொல்லின்மீதும் படிந்து அதனை மழுக்கும். கனத்த திரைச்சீலை, தரையில் ஒரு ஜமக்காளம், நூல்கள் நிறைந்த அலமாரி ஆகியவை இதனைப் பெரிதும் தணிக்கும். இவற்றிற்கு ஆகும் செலவு சிறிது. பயனோ, விலையுயர்ந்த கருவியாலும் பெறலாகாதது.

சப்வூஃபரின் இயல்பு வேறு. நொடிக்கு 40 அதிர்வுடைய ஒலியலையின் நீளம் ஏறத்தாழ 28 அடி. நம் அறைகள் பலவும் அதனிற் சிறியன. எனவே, அவ்வொலி சுவர்களில் மோதி மீண்டு, ஓரிடத்தில் பெருகியும் மற்றோரிடத்தில் தேய்ந்தும் நிற்கும். இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. சப்வூஃபரை நாம் அமரும் இடத்திலேயே வைத்து ஒலிக்கச் செய்து, சுவரோரமாகத் தவழ்ந்து சென்று கேட்க வேண்டும். காண்போர்க்கு நகைப்பாகவே இருக்கும். எவ்விடத்தில் ஒலி சீராகக் கேட்கின்றதோ, அவ்விடமே அதற்கு உரிய இடம். 80 அதிர்வுக்குத் தாழ்ந்த ஒலி வரும் திசையைச் செவி எளிதில் அறியாது. ஆதலின், அது மூலையில் இருப்பினும் குற்றமில்லை.

இனி ரிசீவர். வணிகர் விளம்பரங்களில் ‘வாட்’ கணக்கே உரத்து முழங்கும். 50 வாட்டினும் 100 வாட் இருமடங்கு உரத்து ஒலிக்கும் என்று எண்ணுதல் தவறு. அதனால் மிகுவது 3 டெசிபெல் மட்டுமே. செவிக்கு இருமடங்காகத் தோன்ற ஏறத்தாழப் பத்து மடங்கு ஆற்றல் வேண்டும். மேலும், ஒரே ஒலிபெருக்கியை மட்டும் இயக்கி அளந்த கணக்கையே சிலர் பெரிதாக அச்சிடுவர். ஒருவன் ஒரு மூட்டை சுமந்தான் என்பதற்காக, அவன் உண்ட சோற்றையே ஐவர் பகிர்ந்து உண்டு ஐந்து மூட்டை சுமப்பர் எனல் பொருந்துமோ? குறைந்தது இரண்டை ஒருங்கே, 20 முதல் 20,000 அதிர்வு வரை இயக்கி அளந்த கணக்கே நம்பத்தக்கது. ஒலிபெருக்கியின் உணர்திறனையும் காண்க. 85 டெசிபெல் உடையதற்கு வேண்டும் ஆற்றலிற் பாதியே 88 டெசிபெல் உடையதற்குப் போதும். ஒலிபெருக்கியின் ‘ஓம்’ அளவு ரிசீவர் தாங்கும் எல்லைக்குள் இருத்தல் இன்றியமையாதது. கூரையிலிருந்தும் ஒலி வரச் செய்யும் டால்பி அட்மாஸ் முறை 2012இல் தோன்றியது. அது முதல் முயற்சிக்கு உரியதன்று.

கடையில் கேட்கும்போது, விற்போர் போர்க்காட்சியையே காட்ட விரும்புவர். இருவர் தாழ்ந்த குரலில் உரையாடும் காட்சியைக் கேட்டுப் பெறுக. இரண்டு கருவிகளை ஒப்பிடுகையில் இரண்டும் ஒரே அளவில் ஒலிக்கின்றனவா என்பதையும் காண்க. சற்றே உரத்து ஒலிப்பதைச் சிறந்தது என மயங்குதல் செவியின் இயல்பு.

இல்லத்தில் பொருத்துங்கால் முன்பக்கத்து இரண்டும் அமர்வோர் செவியின் உயரத்தில் இருக்கட்டும். நடுவில் உள்ளது தாழ்ந்திருப்பின் அதன் முகத்தைச் சற்றே மேல்நோக்கிச் சாய்க்கலாம். ரிசீவர் சூடேறும் இயல்பினது; அதனை அடைத்த பெட்டகத்துள் வைத்தல் ஆகாது. கம்பிகளை இணைக்கையில் சிவப்பு முனையைச் சிவப்போடும் கறுப்பு முனையைக் கறுப்போடும் சேர்த்தல் வேண்டும். ஒன்று மாறினும் ஒலி நின்றுவிடாது. ஆதலின் பிழை புலப்படுவதில்லை. ஆனால் தாழ்ந்த ஒலி மெலிந்து, பாடலும் இசையும் ஓரிடத்தில் நில்லாது அலையும்.