எவர்சில்வரோ நிக்கல் டைட்டானியமோ, ‘பீப்’ ஒன்றுதான்

வேர் சிகிச்சைக்கு வாயைப் பிளந்து படுத்திருப்பவர்களுக்கு அந்தச் சத்தம் பழக்கமாகியிருக்கும். உதட்டோரம் ஒரு கொக்கி தொங்கும். பல்லுக்குள் நுழைந்திருக்கும் ஊசி போன்ற ஃபைலின் பிளாஸ்டிக் பிடிக்குக் கீழே, உலோகம் தெரியும் இடத்தில் டாக்டர் ஒரு கிளிப்பைக் கவ்வ வைப்பார். ஃபைல் இறங்க இறங்க ‘பீப்... பீப்’ என்ற சத்தம் நெருங்கிவரும். வேரின் நீளத்தை மின்சாரத்தால் அளக்கும் அபெக்ஸ் லொக்கேட்டர் அது.

வேர்நுனிக்கு அரை மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டர் முன்னால், வேருக்குள் ஓடும் குழாய் குறுகும். சுத்தம் செய்வது அங்கே நிற்க வேண்டும். முன்னாலேயே நின்றால் கிருமி தங்கும். தாண்டினால் எலும்புக்குள் குத்தி வலி கிளம்பும். எக்ஸ்ரே மட்டும் போதாதா? வேரின் வாய் பல சமயம் நுனியில் இல்லாமல் பக்கவாட்டில் திறந்திருக்கும். தட்டையான படத்தில் அது பிடிபடாது. அதனால்தான் மின்சாரத்தின் துணை.

ஜப்பானின் சுசூகி 1942-இல் நாய்களிடம் செய்த சோதனையில், பல்லைச் சுற்றியுள்ள சவ்வுக்கும் வாயின் உள்தோலுக்கும் இடையே மின்தடை மாறாமல் இருப்பதைக் கண்டார். அளவு சுமார் 6,500 ஓம். 1962-இல் சுனாடா அதை வைத்து வேரை அளந்து காட்டினார்.

இன்று டாக்டர் கையில் இரண்டு வகை ஃபைல்கள். ஒன்று, நம் வீட்டு எவர்சில்வரின் உறவான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். இன்னொன்று, வளைத்தாலும் நிமிர்ந்துகொள்ளும் நிக்கல் டைட்டானியம். 1988-இல்தான் இது வேர் சிகிச்சைக்கு வந்தது. உலோகம் மாறினால் அளவும் மாறுமா?

மாறாது என்றே சொல்லலாம். ஃபைல் எந்த உலோகமானாலும் அதன் தடை சில ஓம்களைத் தாண்டாது. ஆறாயிரத்துச் சொச்சத்துக்கு முன்னால் அது கணக்கிலேயே வராது. சந்தேகம் வீண் என்று தள்ளிவிடவும் முடியாது. உலோகம் ஈரத்தைத் தொடும் இடத்தில் ஒரு சிறு மின்விளைவு உண்டு. நேர்மின்சாரத்தில் ஓடிய பழைய கருவிகளை அது தொந்தரவு செய்தது. இன்றைய கருவிகள் பலவும் மாறுமின்சாரத்தை இரண்டு அதிர்வெண்களில் செலுத்தி, இரு அளவுகளின் விகிதத்தைப் பார்க்கின்றன. இரண்டு உலோகங்களையும் ஒப்பிட்ட ஆய்வக அளவீடுகளிலும் சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை.

ஏமாற்றுவது வேறு. பல்லில் உள்ள வெள்ளி அடைப்பையோ உலோகத் தொப்பியையோ ஃபைல் உரசினால் மின்சாரம் குறுக்கே ஓடிவிடும். நுனிக்கு வருமுன்பே கருவி ‘வந்தாச்சு’ என்று கத்தும். பல்லின் மேல் பள்ளத்தில் ரத்தமோ எச்சிலோ மருந்துநீரோ தளும்பி ஈறைத் தொட்டாலும் அதே கதை. வேர் இன்னும் முழுதாக வளராத சிறுவர்களின் பல்லில், அகலமான குழாய்க்குள் மெல்லிய ஃபைல் தொளதொளவென்று ஆடும். அங்கே அளவு தடுமாறும்.

உலோகத்துக்கு ஒரு பங்கு இருக்கிறதென்றால், அது மின்சாரத்தில் இல்லை, விறைப்பில் இருக்கிறது. வளைந்த வேரில் விறைப்பான ஸ்டீல் ஃபைல் வளைவைத் தேய்த்து நேராக்கப் பார்க்கும். வளைந்த பாதை நேரானால் தூரம் குறையும். முதலில் 21 மில்லிமீட்டர் என்று குறித்துக்கொண்டு, தேய்த்து முடித்த பிறகும் அதே கணக்கில் இறங்கினால் நுனியைத் தாண்டிவிடும். நிக்கல் டைட்டானியம் வளைவோடு போவதால் இந்தத் தொல்லை குறைவு. எதுவானாலும் நடுவில் ஒருமுறை மறுபடி அளப்பதே நல்ல கைப்பழக்கம்.

அதனால் டாக்டர் இரண்டாம் முறை கிளிப்பை மாட்டினாலோ, பீப் கேட்ட பிறகும் எக்ஸ்ரே எடுத்தாலோ அலுத்துக்கொள்ளாதீர்கள். இது மின்சாரத்தால் அளக்கும் கருவி என்பதால், இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியிருந்தால், நாற்காலியில் சாய்வதற்கு முன்பே அதைச் சொல்லிவிடுங்கள்.