அது எங்கள் லயத்தின் படமல்ல

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது பசறையில் மழை விடாது கொட்டியது. மின்சாரம் நின்றது. கையடக்கத் தொலைபேசிக்கும் சிக்னல் இல்லை. பதுளை மாவட்டத்தில் பல இடங்களில் மண் சரிந்தது. பிள்ளைகளையும் அடையாள அட்டைகளையும் எடுத்துக்கொண்டு எங்கள் லயத்துப் பெண்கள் பாடசாலையில் தஞ்சமடைந்தோம்.

மூன்றாம் நாள் சிக்னல் கிடைத்ததும் கிளிநொச்சியிலுள்ள அக்காவின் குரல் பதிவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வாட்ஸ்அப்பில் வந்தன. ஒவ்வொன்றிலும் அழுகை. மண்ணில் புதைந்த லயங்களின் படமொன்றை யாரோ முகநூலில் "பசறை" என்று போட்டிருந்தார்கள். அது 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் நடந்த மண்சரிவின் படம். அதில் அக்கா எங்களைத் தேடியிருக்கிறார்.

2009இல் அதே அக்காவை நாங்கள் தேடினோம். முகாமிலிருந்து தகவல் வரும்வரை மாதக்கணக்கில் அவர் உயிருடன் இருக்கிறாரா என்றே தெரியாது. சகோதரிகளே, வதந்தி எவ்வளவு வேகமாக ஓடும், உண்மை எவ்வளவு மெதுவாக வரும் என்பதை யுத்தத்தைக் கண்ட உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஆயினும் முகநூலையும் வாட்ஸ்அப்பையும் நான் குறைசொல்லவில்லை. எந்தப் பாதை உடைந்தது, எந்த முகாமில் பால்மா இல்லை என்பதையெல்லாம் மக்கள் அவற்றின் மூலம் அறிவித்தனர், உதவியும் வந்தது. அதிகாரிகளும் அங்கே எச்சரிக்கைகளை வெளியிட்டனர். ஆனால் முக்கிய அறிவித்தல்கள் பல தமிழில் உரிய வேளையில் கிடைக்கவில்லை என்ற குறை பரவலாக எழுந்தது. விளங்காத மொழியில் வரும் எச்சரிக்கையால் என்ன பயன்? தமிழும் அரசகரும மொழியே. தமிழில் கேட்பது எமது உரிமை.

மண்சரிவு எச்சரிக்கை மூன்று நிறங்களில் வரும். மஞ்சள் என்றால் விழிப்பாக இருக்க வேண்டும். செம்மஞ்சள் என்றால் வெளியேற ஆயத்தமாக வேண்டும். சிவப்பு என்றால் உடனே வெளியேற வேண்டும். இதை எங்கள் லயத்துப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்துள்ளோம்.

இன்னும் சில விடயங்களையும் நாங்கள் முடிவு செய்துள்ளோம். திகதி, இடம், அனுப்பியவர் யார் என்பது தெரியாத படத்தை யாருக்கும் அனுப்புவதில்லை. சந்தேகமென்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கோ கிராம உத்தியோகத்தருக்கோ அழைத்துக் கேட்பது. சிக்னல் கிடைத்தவுடன் "சுகம், இந்த இடத்தில் இருக்கிறோம்" என்று உறவினருக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்புவது. தொலைபேசி இல்லாத வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரி நேரில் போய்ச் சொல்வது.

இவையும் போதா. மீரியபெத்தை ஆபத்தான இடமென்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. மக்களோ அங்கேயே வாழ்ந்தார்கள். செய்தி கிடைத்தால் மட்டும் போதாது, போவதற்குப் பாதுகாப்பான காணியும் வீடும் வேண்டும். அதையும் சேர்த்தே நாம் கேட்போம்.

அக்காவுக்கு அன்று நான் அனுப்பிய பதில் சிறியது: "அது எங்கள் லயமல்ல. எல்லோரும் இருக்கிறோம்."