கால்நடைகளுக்கு மருந்தேற்றும் ஊசி

நோயுற்ற விலங்குக்கு ஏற்ற மருந்து யாது என ஆராயும் நாம், அம்மருந்தை உடலினுட் செலுத்துங் கருவியைப் பற்றி அதிகம் சிந்திப்பதில்லை. ஊசியெல்லாம் ஒன்றே என்பது பொதுவான எண்ணம். ஆயின் பசுவுக்கு ஏற்ற ஊசி ஆட்டுக்குட்டிக்கு ஆகாது. நீர்போன்ற மருந்துக்கு ஏற்றது எண்ணெய்போன்ற மருந்துக்கு ஆகாது. தேர்வு பிழைத்தால் மருந்து வீணாவதுடன் சீழ்க்கட்டியும், நொண்டுதலும், சிலவேளை உயிரிழப்பும் நேரும்.

இக்கருவியின் வரலாறே விலங்குகளோடு தொடர்புடையது. 1656 ஆம் ஆண்டளவில் ஒக்ஸ்போட்டிலே கிறிஸ்தோப்பர் றென் என்பார், பறவையிறகின் தண்டொன்றை விலங்கின் சிறுநீர்ப்பையோடு பிணைத்து, மதுவிற் கரைத்த அபினை ஒரு நாயின் நாளத்துட் செலுத்தினார். 1853 இல் லியோன் நகரத்துச் சாள்ஸ் பிரவாஸ், துளையூசியோடு கூடிய சிறு குழலொன்றால் இரும்புக் குளோரைட்டை விலங்குகளின் நாடியுள் ஏற்றி, குருதியை உறையச் செய்து காட்டினார். மனிதரின் நோவு தணிக்க எடின்பரோவில் அலெக்சாண்டர் வூட் ஊசியைக் கையாண்டதும் ஏறத்தாழ இக்காலத்திலேயே.

ஊசியின் பருமனைக் கேஜ் என்னும் எண்ணாற் குறிப்பர். எண் ஏற ஏற ஊசி மெலிதாகும். இது மாணவர்க்குத் தலைகீழாகத் தோன்றலாம். கம்பியைத் துளைத்தகட்டினூடே மீண்டும் மீண்டும் இழுத்து மெலிதாக்கிய பழைய தொழின்முறையில், எத்தனையாவது இழுப்பு என்பதே எண்ணாயிற்று. பல முறை இழுபட்டது மெலிந்தது. இன்று 18 ஆம் எண் ஊசியின் புறவிட்டம் ஏறத்தாழ 1.2 மி.மீ.; 25 ஆம் எண்ணுக்கோ 0.5 மி.மீ. மட்டுமே.

இச்சிறு வேறுபாடு பெரிதா எனக் கேட்கலாம். குழாயொன்றினூடே பாயும் திரவத்தின் அளவு அதன் உள்ளாரையின் நான்காம் அடுக்குக்கு நேர்விகிதமானது என்பது புவாசேயியின் விதி. ஆரை பாதியானால், அதே அழுத்தத்திற் பாயும் அளவு பதினாறில் ஒரு பங்காகக் குறையும். மெல்லிய ஊசியாற் குழம்புபோன்ற பென்சிலினை ஏற்ற முயல்பவன் பெருவிரல் நோவ அமுக்குவதன் காரணம் இதுவே. ஊசி மெலிதானால் மாட்டுக்கு நோவும் குறையும் என இரங்குவோர் உளர். அவர் இரக்கம் நல்லது. ஆயினும் தடித்த தோலில் மெல்லூசி வளையும், முறியும். மருந்து மெல்ல இறங்க விலங்கு நெடுநேரம் திமிறும். எனவே வளர்ந்த மாட்டின் தசைக்கு 16 முதல் 18 வரையுள்ள எண்களும், ஆட்டுக்கு 18 முதல் 20 வரையும், நாய்க்கு 20 முதல் 22 வரையும் பொதுவாக ஏற்றவை.

நீளம் மருந்து சேரவேண்டிய இடத்தைப் பொறுத்தது. மாட்டின் தசைக்கு 1 முதல் 1½ அங்குலம் வேண்டும். தோலை மடித்துயர்த்தி அதன்கீழ் ஏற்றுவதற்கு ½ முதல் ¾ அங்குலம் போதும். கொழுத்த பன்றிக்குக் குறுகிய ஊசியிட்டால் மருந்து கொழுப்பிலே தங்கிவிடும். அங்கே குருதியோட்டம் குறைவாதலின் உடல் அதனை நன்கு உறிஞ்சாது. நம்மவர் வீட்டில் குழைதின்று வளரும் ஆட்டுக்குட்டியின் நிலை இதற்கு மாறானது. அதன் பின்தொடையில் தசை சொற்பம். நீண்ட ஊசி அங்குள்ள பெருநரம்பைத் தாக்கிக் காலை முடமாக்கலாம். ஆதலாற் கழுத்தே பாதுகாப்பானது. தசையிற் குத்தியதும் தண்டைச் சற்றுப் பின்னிழுத்துக் குருதி வருகிறதா எனப் பார்த்தல் வேண்டும். புரோக்கேயின் பென்சிலின் நாளத்துட் சென்றால் விலங்கு விழுந்து இறத்தலுங் கூடும்.

சிரிஞ்சு எனப்படும் ஊசிக்குழலின் அளவு மருந்தின் அளவைச் சற்றே விஞ்சியிருத்தல் நலம், 20 மி.லீ. குழலால் அரை மி.லீ. மருந்தைச் செவ்வையாக அளத்தல் இயலாது. திமிறும் விலங்குக்கும் தடித்த மருந்துக்கும் ஊசி திருகிப் பூட்டும் குழலே ஏற்றது. வெறுமனே செருகியது அழுத்தத்தாற் கழன்றுவிடும். நீரிழிவுற்ற நாய் வளர்ப்போர் பெரிதும் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். விலங்குகளுக்கான இன்சுலின் சில மி.லீற்றருக்கு 40 அலகு கொண்டவை; மனிதருக்கு இன்று வழங்குவது பெரும்பாலும் 100 அலகு கொண்டது. 100 அலகு மருந்தை 40 அலகுக் குழலின் கோட்டால் அளந்தால் இரண்டரை மடங்கு உட்செல்லும். குருதியிற் சீனி குன்றி நாய் மயங்கும், இறக்கவும் கூடும்.

பலமுறை வழங்கும் குழல்களைக் கொதிநீராற் தூய்மையாக்கலாம். கிருமிநாசினியாற் கழுவின், எஞ்சிய துளியே உயிருள்ள தடுப்பு மருந்தைப் பயனற்றதாக்கிவிடும். குருதிவழிப் பரவும் நோய்கள் உள்ள மந்தையில் விலங்குக்கு ஒரு புதிய ஊசி வேண்டும். குத்திய ஊசியை மருந்துக் குப்பியில் மீண்டும் நுழைத்தலும் ஆகாது. வளைந்த ஊசியை நிமிர்த்திப் பயன்படுத்துவோரைக் காண்கிறோம். நிமிர்த்திய இடத்திலேயே அது முறியும். முறிந்த துண்டு தசையுள் நின்றால் அவ்விடத்தை உடனே அடையாளமிட்டு மிருக வைத்தியருக்கு அறிவித்தல் வேண்டும்; இறைச்சிக்கு விற்கப்படும் விலங்காயின், வாங்குவோனுக்கும் அதனைச் சொல்லியே கொடுத்தல் வேண்டும்.