மெனோனைட் பேரிடர்ச் சேவை

மெனோனைட் பேரிடர்ச் சேவை என்பது ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் பேரிடர்களால் சிதைந்த வீடுகளைத் தன்னார்வலர்களைக் கொண்டு சீரமைத்துத் தரும் கிறித்தவ அமைப்பு ஆகும். மெனோனைட், ஆமிஷ் முதலிய சபையினர் இதில் பெருமளவில் பங்கேற்கின்றனர்.

தோற்றம்

இவ்வமைப்பு 1950-இல் கான்சாஸ் மாநிலத்தின் ஹெஸ்டன் நகரில் தொடங்கியது. போரில் ஆயுதம் ஏந்த மறுப்பது இச்சபைகளின் நெடுநாள் கொள்கையாகும். அமைதிக் காலத்திலும் நாட்டு மக்களுக்குப் பயன்பட வேண்டும் என்ற எண்ணமே இப்பணிக்கு அடிப்படை. ஓர் அயலாரின் களஞ்சியத்தை ஊரே கூடி எழுப்பித் தரும் ஆமிஷ் வழக்கமும் இதனோடு ஒத்தது.

பணி முறை

முதற்கட்டத்தில் சேறும் இடிபாடுகளும் அகற்றப்படுகின்றன. அடுத்து, பல மாதங்கள் நீளும் மறுகட்டுமானம் நடைபெறுகிறது. தன்னார்வலர் பலர் ஒரு வாரம் வந்து உழைத்துத் திரும்புவர். நீண்டகாலம் தங்குவோர் பணியை வழிநடத்துவர். தச்சு வேலை தெரிந்தவருடன் தெரியாதவரும் சேர்ந்து கூரை வேய்தல், சுவர்ப்பலகை பொருத்துதல், வண்ணம் பூசுதல் ஆகியவற்றைச் செய்வர். சமையலுக்கும் தன்னார்வலர் உண்டு.

முதியோர், மாற்றுத்திறனாளிகள், வருவாய் குறைந்தோர், காப்பீடு இல்லாதோர் ஆகியோருக்கு முன்னுரிமை தரப்படுகிறது. உதவி பெறுபவரின் சமயம் பார்க்கப்படுவதில்லை.

கத்ரீனா சூறாவளி

2005 ஆகஸ்டில் கத்ரீனா தாக்கியபோது வெள்ளத்தடுப்புக் கரைகள் உடைந்து, நியூ ஓர்லியன்ஸ் நகரின் ஏறத்தாழ 80 விழுக்காடு நீரில் மூழ்கியது. செய்தியாளர்கள் திரும்பிய பின்னரும் தன்னார்வலர்கள் பல ஆண்டுகள் அக்கடலோரப் பகுதியில் வீடுகளைக் கட்டித் தந்தனர்.

படிப்பினை

பேரிடர் நிகழ்ந்தவுடன் முன்னேற்பாடின்றி விரைபவர், உணவுக்கும் உறைவிடத்துக்கும் பாதிக்கப்பட்டோரையே சார்ந்து சுமையாகிவிடலாம். அழைத்தபோது சென்று, கேட்ட வேலையைச் செய்து, வீடு முடியும்வரை மாறிமாறி ஆள் அனுப்புவதே பயனுள்ள தொண்டு என்பதை இப்பணி காட்டுகிறது.