நேரம் முடிந்தது என்று யார் சொல்வது?

“இன்னும் ரெண்டே நிமிஷம்தான், அப்புறம் டேப்பைக் குடுத்துடணும்.” சிறு குழந்தை இருக்கும் வீடுகளில் சாயங்காலமானால் இந்தக் குரல் கேட்காமல் இருக்காது. திடுதிப்பென்று பிடுங்காமல் முன்கூட்டியே சொல்லிவைத்தால் குழந்தை மனதைத் தயார்படுத்திக்கொள்ளும், அடம் குறையும் என்பது நம் நம்பிக்கை. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலெக்சிஸ் ஹினிக்கர் குழுவினர் 2016-இல் வெளியிட்ட ஆய்வில் கிடைத்த விடை இதற்கு நேர்மாறானது. ஒன்று முதல் ஐந்து வயதுவரை உள்ள குழந்தைகளின் பெற்றோர், குழந்தை திரையை விட்டு எழும் வேளைகளில் என்ன நடந்தது என்று நாட்குறிப்பு எழுதினார்கள். இரண்டு நிமிட எச்சரிக்கை கொடுத்த வேளைகளில் அழுகையும் ஆர்ப்பாட்டமும் கூடுதலாக இருந்தன. குழந்தை அடம்பிடிக்கும் என்று தெரிந்த நேரத்தில்தான் பெற்றோர் எச்சரிக்கிறார்களோ என்ற சந்தேகம் ஆய்வாளர்களுக்கே வந்தது. அதையும் கணக்கில் கொண்டு பலவாறு அலசினார்கள், முடிவு மாறவில்லை.

அப்படியானால் குழந்தைகள் எப்போது சத்தமில்லாமல் எழுந்துபோனார்கள்? பார்த்துக்கொண்டிருந்த வீடியோ தானாக முடிந்தபோது. சார்ஜ் தீர்ந்தபோது. வைஃபை கிடைக்காத இடத்துக்குப் போனபோது. அல்லது, தினமும் இந்த நேரத்துக்குப் பிறகு குளியல், சாப்பாடு என்று வீட்டில் ஒரு பழக்கம் ஊறியிருந்தபோது. அம்மாவோடு வாதாடலாம், அப்பாவிடம் கெஞ்சலாம். சார்ஜ் தீர்ந்த டேப்போடு வாதாட வழியில்லை.

இதைப் படித்ததும், பேசாமல் டேப்பையே பூட்டிக்கொள்ளச் சொல்லிவிடலாமே என்று தோன்றும். பலரும் அதைத்தான் செய்கிறார்கள். ஆப்பிள் நிறுவனம் ஐபேடில் ‘ஸ்கிரீன் டைம்’ வசதியைக் கொண்டுவந்தது 2018-இல். கூகுளின் ‘ஃபேமிலி லிங்க்’ அதற்கு முந்தைய ஆண்டே வந்துவிட்டது. ஆனால் ஹினிக்கர் குழுவின் அடுத்த ஆய்வு இந்த இடத்தில் நம்மைக் கொஞ்சம் நிறுத்தி யோசிக்க வைக்கிறது.

2018-இல் வெளியான அந்த ஆய்வுக்காக ‘கோகோஸ் வீடியோஸ்’ என்ற செயலியை உருவாக்கி, பள்ளி செல்லும் வயதை எட்டாத குழந்தைகள் இருந்த 24 வீடுகளில் மூன்று வாரம் கொடுத்தார்கள். எவ்வளவு பார்க்கப்போகிறோம் என்று குழந்தையே முதலில் தீர்மானிக்க வேண்டும். செயலி மூன்று வடிவங்களில் இருந்தது. ஒன்றில், குழந்தை திட்டமிட்டது முடிந்ததும் வீடியோ நின்றுவிடும். அதற்குமேல் செயலி தலையிடாது. இரண்டாவதில், முடிந்ததும் பூட்டிக்கொள்ளும். மூன்றாவதில், நாம் எல்லோரும் அறிந்தபடி அடுத்த வீடியோ தானாக ஓடத் தொடங்கும்.

தானாக ஓடும் வடிவத்தில் குழந்தைகள் கூடுதல் நேரம் பார்த்தார்கள், தாமாக நிறுத்துவது குறைந்தது, பெற்றோர் தலையிட வேண்டிய வேளைகள் பெருகின. இது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது மற்றொன்று: பூட்டிக்கொள்ளும் வடிவம், தலையிடாத வடிவத்தைவிடப் பார்க்கும் நேரத்தைக் குறைக்கவில்லை. பெற்றோர் தலையீட்டையும் குறைக்கவில்லை. வீடியோ முடிந்து திரை சும்மா இருந்தாலே போதும், நான்கு வயதுக் குழந்தைக்குக்கூட நிறுத்த முடிகிறது. 24 வீடுகள் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனாலும் இந்த முடிவை நான் மிக முக்கியமானதாக நினைக்கிறேன். குழந்தைக்குக் கட்டுப்பாடு இல்லை என்று நாம் சொல்லும்போது, அந்தக் கட்டுப்பாட்டைப் பயன்படுத்த அதற்குக் கிடைக்க வேண்டிய இடைவெளியை யாரோ எடுத்துவிட்டார்கள் என்பதை மறந்துவிடுகிறோம்.

யார் எடுத்தது என்பதும் தெரியும். இணையப் பக்கத்தை இழுக்க இழுக்க முடிவே வராமல் ஓடும் வடிவமைப்பை அசா ராஸ்கின் 2006-இல் உருவாக்கினார். அதற்காகப் பின்னாளில் பகிரங்கமாக வருந்தினார். யூடியூபில் அடுத்த வீடியோ தானாக ஓடுவது 2015-இல் வழக்கமானது. 13 முதல் 17 வயதுவரை உள்ளவர்களின் கணக்குகளில் அது அணைந்த நிலையிலேயே இருக்கும் என்று அந்த நிறுவனம் 2021-இல் அறிவித்தது. ‘யூடியூப் கிட்ஸ்’ செயலியிலும் அப்படியே. ஆனால் நம் வீட்டு டேப்பில் ஓடுவது பெரும்பாலும் அப்பாவின் கணக்கில் திறந்த சாதாரண யூடியூப். அங்கே அது எரிந்துகொண்டுதான் இருக்கிறது. டேப்பில் ஒரே ஒரு செட்டிங்கை மாற்றத்தான் இன்று நேரமிருக்கிறது என்றால், நிமிடக் கெடுவை விட்டுவிட்டு முதலில் அந்த ‘ஆட்டோபிளே’யை அணையுங்கள்.

பூட்டே வேண்டாம் என்று சொல்லவில்லை. எட்டு, பத்து வயதுக்கு மேல் விளையாட்டுச் செயலிகள் வந்துவிட்டால் அது தேவைப்படும். ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்து வைக்க வேண்டும். ஐபேடில் ஒரு செயலிக்கு ஒரு மணி நேரக் கெடு வைக்கிறீர்கள். நேரம் முடிந்ததும் மணற்கடிகாரப் படத்தோடு திரை மறைகிறது. ‘ஸ்கிரீன் டைம்’ வசதிக்கென்று தனியாக பாஸ்கோடு வைக்காவிட்டால், கெடுவைப் புறக்கணிக்கும் பொத்தான் அங்கேயே இருக்கும். குழந்தை அதைத் தட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். பாஸ்கோடு வைத்து, கெடு முடிந்ததும் தடுக்கச் சொல்லும் தேர்வையும் போட்ட பிறகுதான் அது உண்மையான பூட்டு.

பிள்ளைகள் கண்டுபிடித்த பின்வாசல்களில் ஒன்று அழகான கணினிப் பாடம். எந்தக் கருவியிலும் இரண்டு விதமான காலக்கணக்கு உண்டு. ஒன்று, நாம் பார்க்கும் தேதியும் மணியும். இதை மாற்றி அமைக்கலாம். மற்றொன்று, கருவியை இயக்கியதிலிருந்து எத்தனை விநாடி ஓடியது என்ற எண்ணிக்கை. இது முன்னே மட்டும்தான் போகும், கைவைக்க முடியாது. ‘தினமும் ஒரு மணி நேரம்’ என்ற கெடு நள்ளிரவில் புதுப்பிக்கப்படுகிறது. நள்ளிரவு எது என்று சொல்வது முதல் கடிகாரம். ஆகவே தேதியை நாளைக்குத் தள்ளிவைத்தால் நாளைய பங்கும் இன்றே கிடைக்கும். இதைச் செய்யும் பிள்ளை மந்தமான பிள்ளை இல்லை. ஒரு அமைப்பு எதை நம்பி நிற்கிறது என்று பார்த்துவிட்ட பிள்ளை. நேரத்தைத் தானாக அமைக்கும் தேர்வைப் போட்டு, அதை மாற்ற முடியாதபடி செய்தால் இந்த வாசல் மூடிவிடும்.

மூட முடியாத வாசல் பெரியவர்கள்தான். அழுகை கூடினால் திங்கட்கிழமை மறுக்கிறோம், செவ்வாய்க்கிழமை விருந்தாளி வந்ததால் பத்து நிமிடம் கூட்டிக் கொடுக்கிறோம், புதன்கிழமை மறுபடி மறுக்கிறோம். உளவியலாளர் ஸ்கின்னரும் சார்லஸ் ஃபெர்ஸ்டரும் 1957-இல் வெளியிட்ட நூலில் இதன் விளைவைப் புறாக்களையும் எலிகளையும் வைத்து விரிவாகக் காட்டினார்கள். ஒவ்வொரு முறை கொத்தும்போதும் தீனி கிடைத்துவந்த புறா, தீனி நின்றதும் விரைவில் கொத்துவதை விட்டுவிடும். எப்போதாவது, எந்த முறை என்று சொல்ல முடியாதபடி தீனி கிடைத்துவந்த புறாவோ ஓயாமல் கொத்திக்கொண்டே இருக்கும். வாரத்துக்கு இரண்டு நாள் பலிக்கிற அழுகை, தினமும் பலிக்கிற அழுகையைவிட உறுதியாக வேரூன்றுகிறது. கண்டிப்பான வீட்டிலும் இல்லாமல், தாராளமான வீட்டிலும் இல்லாமல், கண்டிப்பும் தாராளமும் மாறி மாறி வரும் வீட்டில்தான் அடம் உச்சத்துக்குப் போகிறது.

புதிதாகக் கெடுவை இறுக்கும் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்றும் இதே ஆய்வு மரபில் வருகிறது. வழக்கமாகக் கிடைத்தது நின்றுபோனதும், கேட்கும் வேகம் உடனே குறைவதில்லை, முதலில் கூடவும் செய்யலாம். முதல் சில நாட்கள் அழுகை முன்பைவிட மோசமாவது முறை தோற்றதற்கு அடையாளம் இல்லை. பல வீடுகள் கைவிடுவது சரியாக அந்த நாட்களில்தான். அப்போது கைவிட்டால், இன்னும் உரக்க அழுதால் கிடைக்கும் என்ற பாடம் பதிந்துவிடும்.

வீட்டுக்கு வெளியே, அரசாங்கங்களும் இந்தப் பூட்டைப் போட்டுப் பார்த்தன. தென் கொரியா 2011-இல் 16 வயதுக்குக் கீழானவர்களுக்கு நள்ளிரவு முதல் காலை ஆறு மணிவரை ஆன்லைன் விளையாட்டைத் தடை செய்தது. பிள்ளைகள் பெற்றோரின் அடையாள எண்ணைப் போட்டு நுழைந்தார்கள். 2022 தொடக்கத்தில் அந்தச் சட்டம் விடைபெற்றது. சீனா 2019-இல் சிறுவர்களுக்குச் சாதாரண நாட்களில் ஒன்றரை மணி நேரம் என்று வரம்பு கட்டியது. 700 கோடி மணி நேரத்துக்கு மேற்பட்ட விளையாட்டுப் பதிவுகளை அலசி 2023-இல் வெளியான ஓர் ஆய்வு, விளையாட்டுத் துறையின் ஒரு பகுதியை மட்டுமே பார்த்தது என்றாலும், மிகையாக விளையாடுவது அந்த வரம்பால் குறைந்ததற்குச் சான்று எதையும் காணவில்லை.

ஒரு வேளை மட்டும் எந்தச் சலுகையும் இல்லாமல் கண்டிப்பு வேண்டும்: தூங்கப்போவதற்கு முந்தைய ஒரு மணி நேரம். இருட்டத் தொடங்கியதும் மூளை மெலடோனின் என்ற ஹார்மோனைச் சுரந்து உடலைத் தூக்கத்துக்குத் தயார்ப்படுத்துகிறது. கண்ணில் விழும் வெளிச்சம் அதைத் தடுக்கும். பெரியவர்கள் 12 பேரிடம் நடந்த ஒரு பரிசோதனையில், படுக்கும்முன் நான்கு மணி நேரம் ஐபேடில் படித்தபோது, அச்சுப் புத்தகம் படித்ததைவிட மெலடோனின் பாதிக்கு மேல் குறைந்திருந்தது. குழந்தைகளின் கண்பாவை பெரியது, விழிலென்ஸ் தெளிவானது. வெளிச்சம் கூடுதலாக உள்ளே போகும். கொலராடோ பல்கலைக்கழகத்தின் மோனிக் லெபூர்ஜுவா குழுவினர், மூன்று முதல் ஐந்து வயதுவரை உள்ள குழந்தைகளை வீட்டிலேயே மங்கலான வெளிச்சத்தில் பழக்கி, பிறகு தூங்கும்முன் ஒரு மணி நேரம் ஒளிரும் மேசையில் விளையாடவிட்டு எச்சிலைச் சோதித்தார்கள். 2018-இல் வெளியான அந்தச் சிறிய ஆய்வில் மெலடோனின் சுமார் 88 விழுக்காடு சரிந்தது. விளக்கை அணைத்து 50 நிமிடம் ஆன பிறகும் மீளவில்லை. மேசை வெளிச்சம் டேப் வெளிச்சத்தைவிட மிக அதிகமல்லவா என்ற கேள்வி நியாயமானது. அதே குழு 2022-இல் வெளியிட்ட ஆய்வு அதற்கும் பதில் சொல்லிவிட்டது: 5 முதல் 40 லக்ஸ் வரையிலான மங்கிய வெளிச்சமே சராசரியாக 78 விழுக்காடு குறைத்தது.

இங்கிலாந்தில் 2024-இல் முடிவு வெளியான பரிசோதனையில் ஒன்றரை, இரண்டு வயதுக் குழந்தைகள் உள்ள 105 குடும்பங்கள் கலந்துகொண்டன. ஒரு பிரிவினர் தூங்கும்முன் ஒரு மணி நேரம் திரையை நிறுத்தினார்கள். தூக்கம் ஓரளவுக்குத்தான் மேம்பட்டது. அற்புதம் எதுவும் நிகழவில்லை. ஆனால் அந்தக் குடும்பங்களால் அதைக் கடைப்பிடிக்க முடிந்தது என்பது எனக்குப் பெரிய செய்தி. பொழுது சாய்ந்த பின் இல்லை என்ற விதி, ஒரு நாளைக்கு 60 நிமிடம் என்ற விதியைவிடக் குழந்தைக்கு எளிதில் புரியும். நான்கு வயதுக்கு நிமிடம் தெரியாது, ராத்திரி தெரியும்.

எத்தனை மணி நேரம் என்ற கேள்விக்கு மருத்துவர்களின் விடை ஏறக்குறைய ஒன்றுதான். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது: இரண்டு வயதுக்குமுன் வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயதுவரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் நல்லது. இந்தியக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பும் இதையொட்டியே வழிகாட்டுகிறது. ஐந்து முதல் பத்து வயதுவரை இரண்டு மணி நேரத்துக்குள். இந்த எண்கள் மருந்தின் அளவுபோல் அளந்து கண்டறிந்தவை அல்ல. திரைக்குப் போகும் நேரம் வேறெதிலிருந்து போகிறது என்பதே அவற்றின் அடிப்படை. சீனாவின் குவாங்சோ நகரப் பள்ளிகளில் ஆறேழு வயதுப் பிள்ளைகளைத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெயிலில் விட்டார்கள். மூன்று ஆண்டில் அவர்களில் 30.4 விழுக்காட்டினருக்குக் கிட்டப்பார்வை வந்தது, வழக்கம்போல் இருந்த பிள்ளைகளில் 39.5 விழுக்காட்டினருக்கு வந்தது. நாற்பது நிமிடத்தைத் தெருவில் விளையாடவிட்டால் கண்ணுக்கு இவ்வளவு லாபம்.

நிமிடக் கணக்கில் சிக்காத ஒன்றைக் கடைசியாகச் சொல்ல வேண்டும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் குழந்தை மருத்துவர் ஜென்னி ரடெஸ்கியின் குழு 2022 இறுதியில் வெளியிட்ட ஆய்வு, அழும் குழந்தையைச் சமாதானப்படுத்த அடிக்கடி போனோ டேப்போ கொடுக்கும் வீடுகளைச் சில மாதங்கள் தொடர்ந்து கவனித்தது. அந்த வீட்டுக் குழந்தைகள், முக்கியமாக ஆண் குழந்தைகள், பின்னர் சட்டென்று உணர்ச்சிவசப்படுவது அதிகமாக இருந்தது. கோபத்தையும் ஏமாற்றத்தையும் தானே தணித்துக்கொள்ளப் பழக வேண்டிய வயதில், அந்த வேலையைத் திரை செய்துவிடுகிறது.

நம் வீடுகளில் அந்தத் திரை பெரும்பாலும் வருவது சோற்றுக் கிண்ணத்தோடு. ரைம்ஸ் ஓடினால்தான் வாய் திறக்கும். பார்வை திரையிலேயே இருக்க, வயிறு நிறைந்ததுகூடத் தெரியாமல் குழந்தை விழுங்கிக்கொண்டிருக்கும். சாப்பாட்டு வேளையில் டேப்பைப் பூட்ட செட்டிங் உண்டு. ஆனால் “சரிடா கண்ணா, பாட்டி போன்ல பாரு, இந்த ஒரு வாய் வாங்கிக்கோ” என்கிற பாட்டியின் போனில் அந்தப் பூட்டு கிடையாது. அவரைக் குறை சொல்வதற்கும் இல்லை. கதை சொல்லி, காக்கா காட்டி ஊட்டினால் அரை மணி நேரம் கூடுதலாக ஆகும், அதுவரை அடுப்பில் கிடக்கும் வேலை அவருக்காகக் காத்திருக்கும். திரையில்லாமல் ஊட்ட வேண்டும் என்று அவரிடம் கேட்பவர்கள், அந்த அரை மணி நேரத்துக்கு அடுப்படிக்குள் யார் போவது என்பதையும் சேர்த்தே முடிவு செய்தாக வேண்டும்.